வெள்ளிக்கிழமை நண்டு விருந்து

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்தருளுங்கள்; நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

கனடாவிலிருந்து முப்பது வருடத்துக்குப் பிறகு அண்ணை குடும்பத்தோடு வந்தார். அவருக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று தீவுக் கடற்கரை ஹோட்டலில் ஆட்டம் பாட்டோடு நண்டு விருந்துக்குச் சொல்லி வைத்தேன். அது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் நடக்கும்.

நண்டைக் கண்டதும் அண்ணை மெல்லக் கேட்டார்.

"தம்பி, இண்டைக்கு வெள்ளியெல்லே?"

"வெளிநாட்டிலை விரதத்தை விட்டிருப்பியள் எண்டு நினைச்சன் அண்ணை."

"அம்மா பழக்கினதை விடுவனே? நீ சாப்பிடு."

"நானும் விடேல்லை."

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப உந்த நண்டு ஆருக்கடா?"

அவருடைய பிள்ளைகள் நண்டை உடைக்க, நாங்கள் இருவரும் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்காமல், அவர் மாறியிருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணை கனடாவுக்குத் திரும்பிப் போய் இரண்டு வருடமாகிறது. இதை இன்றுதான் எழுதினேன்: ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை.