ஆபீசருக்காக ஓர் அடுப்படி

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்படி. முதன்முதலாக வருகிறவர்கள் மெல்லக் கேட்பார்கள், "அண்ணன் தம்பிக்குள்ள சண்டைங்களா?" என்று. ஐயோ, சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. சண்டை இருப்பதுபோல் காட்டத்தான் கட்டினோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். ஐப்பசி மழையில் பழைய வீட்டின் பின்கட்டு இடிந்து விழுந்துவிட்டது. புது வீடு கட்டலாம் என்று பெரியப்பாவும் அப்பாவும் முடிவு செய்த நேரத்தில், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான், மிச்சத்தை நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. டீக்கடைச் சுவரில் கறுப்பு சிவப்பு, வரப்பில் செங்கொடி, எங்கள் வீட்டுக் கூடத்தில் கவலை. ஒரே குடும்பமாக இருந்தால் நிலம் போகும், இரண்டு குடும்பமாக இருந்தால் தப்பும். வக்கீல் குமாஸ்தா ஒருவர் யோசனை சொன்னார்: "பத்திரத்துல பிரிச்சா மட்டும் போதாதுங்க. ஆபீசர் நேர்ல வந்து பாப்பாரு. தனித்தனியா அடுப்பு எரியணும்."

புது வீட்டுக்குக் காகிதத்தில் படம் எதுவும் போடவில்லை. மேஸ்திரி மனையில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் எங்கள் வயலில் உழுதவர். அவரை அப்போது நான்கூடப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவேன். கூடம், நெல் அறை, சாமி அறை எல்லாம் ஆயிற்று. அக்கினி மூலையில் பெரியம்மாவுக்குத் தாராளமாக ஓர் அடுப்படி.

"இன்னொரு அடுப்படிக்கு மூலை ஏதுங்க?" என்றார் மேஸ்திரி.

"வாயு மூலையில பொந்து மாதிரி ஒண்ணு போடுப்பா. சும்மா கணக்குக்குத்தான். ஆபீசர் போனதும் உமி மூட்டை அடுக்கிக்கலாம்" என்றார் பெரியப்பா. ஆறடிக்கு நாலடி கோடு விழுந்தது.

என் அம்மா பேராவூரணிப் பக்கத்துக்காரி. காரத்தில் வளர்ந்தவள். பெரியப்பாவுக்கோ வயிற்றுப்புண். அதனால் எங்கள் வீட்டு ரசம் கண்ணில் தெறித்தால்கூட எரியாது. வாழ்க்கைப்பட்டு வந்த பத்து வருஷத்தில் இன்றைக்கு என்ன குழம்பு என்று அம்மா ஒரு நாளும் தீர்மானித்ததில்லை. அதைப் பெரியம்மா தீர்மானிப்பாள், அம்மா அரைத்துக் கொடுப்பாள். மூத்தார் எதிரில் நின்று பேசும் வழக்கமும் அம்மாவுக்குக் கிடையாது. பெரியப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான்தான் தபால்காரி.

மறுநாள் முதல் தபால் போயிற்று. "பெரியப்பா, சின்ன அடுப்படிக்கு ஜன்னல் வேணுமாம்."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பொய் அடுப்புக்கு எதுக்குடி ஜன்னல்?"

ஓடினேன், கேட்டேன், மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். "ஜன்னல் இல்லாத அடுப்படிய ஆபீசர் நம்புவாரான்னு கேக்குறாங்க."

சிரிப்பு நின்றது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார். வாய்க்கால் பக்கம் பார்த்து ஜன்னல் வந்தது.

அதோடு விட்டதா? நாலடியில் எப்படி உட்கார்ந்து சமைப்பார்கள் என்று ஆபீசர் கேட்டால்? பத்தடிக்கு எட்டடி ஆயிற்று. நெல் அறை அந்த அளவுக்குச் சுருங்கியது. புகைபோக்கி இல்லாவிட்டால் சந்தேகப்பட மாட்டாரா? அதுவும் வந்தது. அப்புறம் ஜாடி வைக்க மாடம், கொல்லைக்குப் போக ஒரு கதவு.

"ஆபீசருக்கு நாளுக்கு நாள் ஆசை கூடுதுங்களே" என்றார் மேஸ்திரி. அப்பா தரையைப் பார்த்தபடி, "ஆமா, ஆபீசருங்க அப்படித்தான்" என்றார். அப்பா வாழ்க்கையில் அண்ணனுக்கு முன்னால் துணிந்து பேசிய பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆபீசர் என்றால் இவளுக்கு இவ்வளவு பயமா! வாய்க்கால் கரைப் பிள்ளையாரிடம், ஆபீசர் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் பெரியம்மா மனைக்கு வந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கட்டிய கயிறெல்லாம் அவிழும். அம்மா புளியமரத்தடியில் மேஸ்திரிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே போய் வாயு மூலையில் நின்றாள்.

"யாருக்கு இவ்வளவு பெரிய அடுப்படி?"

 தபால்காரி புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கினாள். அம்மா செம்பைச் சாய்த்தபடியே நிற்க, டம்ளர் நிரம்பி மோர் மண்ணில் வழிந்தது.

பெரியம்மா கோட்டுக்குள் கால் மடக்கி உட்கார்ந்தாள். அடுப்பு வரும் இடத்துக்குக் கை நீட்டினாள். இல்லாத மாடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "அம்மிக்கு எங்கய்யா இடம்? ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்தா அரைச்சுக்கிட்டுப் போவா? ஆபீசர் என்ன மடையனா?" என்றாள். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அம்மாதான் சிரித்தாள், அப்புறம் பெரியம்மா. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இதில் என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீடு எழும்பிக் குடி போன பிறகு, தை அறுவடை முடிந்து ஒரு நாள் ஆபீசர் வந்தார். பிள்ளையார் என்னைக் கைவிட்டுவிட்டார். வந்தவர் அடுப்படிப் பக்கமே போகவில்லை. வாசலில் நின்றபடி இரண்டு புகைபோக்கியிலும் புகை வருவதைப் பார்த்தார். பெரியம்மா வீட்டு மோர் ஒரு டம்ளர், எங்கள் வீட்டு மோர் ஒரு டம்ளர் குடித்தார். இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"அப்பாடா! இனிமே அந்த அடுப்பை அணைச்சுடச் சொல்லு" என்றார் பெரியப்பா. நான் அம்மாவிடம் ஓடினேன். அடுப்பில் விரால்மீன் குழம்பு செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிவந்து பதில் சொன்னேன்: "ஆபீசர் திரும்பி வந்தாலும் வருவாராம்."

அவர் திரும்பி வரவில்லை. அந்த அடுப்பும் அணையவில்லை.

அன்று குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டேன், அப்படி ஒரு ருசி. கயிறு பிடித்தவருக்கும் கொல்லையில் இலை போட்டு அம்மா பரிமாறினாள். "காரம் நல்லா இருக்குங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டு, தலையைத் தூக்கி அந்த இரண்டாவது புகைபோக்கியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்கள் வீடு பிடித்துப்போயிற்று என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டில் நிலம் கிடைத்தது அம்மாவுக்கு மட்டும்தான், பத்தடிக்கு எட்டடி. அந்தப் புகை மட்டும் எழும்பாமல் இருந்திருந்தால், நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த வயலில் ஒரு துண்டைக் கயிறு பிடித்த அவர் பெயருக்கும் எழுதியிருப்பார்கள்.