காளியப்பன் வீட்டு ஊசி முகூர்த்தம்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜொகூரில், தெப்ரா ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் காளியப்பனுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் பஸ் கம்பெனிக்காரர். இன்னொன்று, சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டர். கம்பெனிக்காரர் பேச்சையாவது சில நாள் தட்டிவிடுவார். காலண்டர் சொன்னால் சொன்னதுதான். முடி வெட்டிக்கொள்வதற்குக்கூட ராகு காலம், எமகண்டம் பார்க்க வேண்டும். ஒருமுறை நடுரோட்டில் டயர் வெடித்தபோது, பஸ் நிறைய ஆட்களை வெயிலில் நிறுத்திவிட்டு, எமகண்டம் முடியும்வரை ஸ்பேனரைக் கையால் தொடவில்லை மனிதர்.

அது உள்ளூர்க் காலண்டர் இல்லை. திருச்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் செல்லப்பன் வருஷா வருஷம் அனுப்பி வைப்பது. "இதுதான் ஒரிஜினல் நேரம்லா" என்று பெருமை அடித்துக்கொள்வார். மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் ஜொகூர் காலண்டரை மீன் ஆய விரித்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் சுலபமாக நடக்குமா? பெக்கான் நானாஸ் ஊர்ச் சந்திரமதியைப் பேசி முடித்த பிறகு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாளை மூன்று தடவை மாற்றினார். அதில் ஒரு தடவை அலுவலகம்வரை வந்து, பெயரைக் கூப்பிட்ட நேரம் சரியில்லை என்று படியிறங்கிப் போயேவிட்டார். பட்டுப்புடவை கட்டிய பெண் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லிப் பெக்கான் நானாஸே சிரித்தது. கடைசியில் ஒரு திங்கள்கிழமை, அவருடைய காலண்டர்படி ராகு காலம் முடிந்த ஒன்பது மணிக்கு, ஒருவழியாகக் கையெழுத்தானது. நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு லோஷினி பிறந்தாள்.

லோஷினிக்கு முதல் சில ஊசிகளைச் சந்திரமதியே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு வந்தாள். "நல்ல நேரம்தானே?" என்று இவர் கேட்பார். "ரொம்ப நல்ல நேரம்" என்பாள் அவள். பிறகு அவள் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பினாள். விடியுமுன்பே எல்லைப் பாலம் தாண்ட வேண்டும், லீவும் தீர்ந்துவிட்டது. ஆகவே தட்டம்மைக்குப் போடும் ஒன்பதாம் மாத ஊசி, காலையில் வீட்டில் இருக்கும் காளியப்பன் தலையில் விழுந்தது.

அவர்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைகளுக்கு ஊசி திங்கள் காலைதான். அன்றைக்குப் பார்த்து ஒன்பதுவரை ராகு காலம், பத்தரையிலிருந்து எமகண்டம். முதல் வாரம் சீக்கிரமே அவர் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீங்க போங்கம்மா, எனக்கு அவசரமில்ல" என்று நம்பரைப் பக்கத்துப் பெண்ணுக்குத் தாரை வார்த்தார். ஒன்பதுக்கு மேல் புது நம்பர் எடுத்தார். அது எமகண்டத்தில் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார். அடுத்த வாரமும் அதே கூத்து. அதற்கடுத்த வாரம் தாய்மார்கள் இவர் பக்கத்தில் இடம் பிடிக்க முட்டி மோதினார்கள். கிளினிக்கிலேயே இவரைப் போல நல்ல மனுஷன் கிடையாது என்று பேச்சு.

மலாய்க்கார நர்ஸ் மிஸிக்குப் பொறுக்கவில்லை. ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறீர்கள் என்று அதட்டினாள். ராகுவை மலாயில் எப்படி விளக்குவது? யோசித்துவிட்டு, "ஒரு பாம்பு இருக்கு" என்று மலாயில் சொன்னார். மிஸி அலறிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

வீட்டில் சந்திரமதி கேட்கும்போதெல்லாம் "கூட்டம், நம்பர் கிடைக்கல" என்று சமாளித்துவந்தார். அப்போதுதான் கீழ்வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை கண்டது. மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். காளியப்பன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லோஷினிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் கெட்ட நேரத்தில் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தனியார் கிளினிக்குக்குப் போன் போட்டார். அங்கே காசு கொடுத்தால் கேட்ட நேரம் கிடைக்கும். திங்கள், ஒன்பது மணி தாண்டியதும். சந்திரமதி மேலாளரிடம் கெஞ்சி லீவு வாங்கினாள். காளியப்பனின் அக்கா கிருஷ்ணம்மா வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வந்து சேர்ந்தாள். ஊசிக்குத் தட்டு எடுத்து வந்த முதல் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் மூர்த்தி நல்லவர், ஆனால் வாய் ஓயாது. தாமதமாக வந்தார். எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். சின்னம்மைக்குத் தனி ஊசி உண்டு, விருப்பப்பட்டால் பிறகு போடலாம் என்று நிதானமாக விளக்கினார். காளியப்பன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசியைக் கையில் எடுக்கவும் பத்தரை ஆகவும் சரியாக இருந்தது. காளியப்பன் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார்.

சந்திரமதி கதவை மறித்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"எமகண்டம் சந்திரா. மத்தியானம் வரலாம்."

"ஒரு எமகண்டமும் இல்ல. உங்க காலண்டர் திருச்சிக்குப் போட்டது. அங்க ஆறு மணிக்கு விடியுது, இங்க ஏழு மணிக்கு. விடியறதுல இருந்துதான எண்ணணும்? இங்க எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளித்தான். ராகு போயிருச்சுன்னு நீங்க கிளம்புறப்பல்லாம், இங்க அது நடு வீட்டுல உட்கார்ந்திருக்கு."

காளியப்பன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வீட்டுச் சாவி வாங்கியது, பஸ் லைசென்ஸ் எடுத்தது, எல்லாம் திங்கள்கிழமை ஒன்பது மணி.

"அப்ப நம்ம கையெழுத்து?"

"சுத்தமான ராகு காலம்."

கிருஷ்ணம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். "அலமாக்" என்று மலாயில் வாய் பிளந்தார் டாக்டர்.

காளியப்பன் முகம் மெல்ல மலர்ந்தது. வீடு நிலைத்தது, பஸ் ஒரு விபத்தும் பார்க்கவில்லை, பெண்டாட்டி தங்கமானவள்.

"அப்ப நமக்கு ராகு காலம்தான் ராசி! டாக்டர், நாளைக்கு ராகு காலத்துல வச்சுக்கலாமா?"

சந்திரமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "கீழ்வீட்டுப் பையன் கெடக்கிற கெடப்ப பார்த்துமா இப்படிப் பேசுறீங்க?"

அவர் குரல் இறங்கியது. "ராகு காலம்னு உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுல மாட்டியிருந்தது ஜொகூர் காலண்டர்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட? பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு. வாயத் திறந்தா, நீங்க மறுபடியும் என்னை அந்தப் பெஞ்சுல உட்கார வச்சுட்டு இறங்கிப் போயிடுவீங்களோன்னு."

காளியப்பனுக்கு வெட்கத்தில் நிமிர முடியவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். லோஷினியை மடியில் வைத்து, காலை இறுகப் பிடித்துக்கொண்டார். "போடுங்க டாக்டர்" என்றார். மணி என்ன என்று பார்க்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. கூடவே அவரும் அழுதார். ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது, விட்டுவிட்டது. கீழ்வீட்டுப் பையனும் பிழைத்து வந்தான்.

பன்னிரண்டாம் மாத ஊசிக்கு அரசாங்கக் கிளினிக்குக்கே போனார்கள். சந்திரமதியும் வந்திருந்தாள். இவரைக் கண்டதும் தாய்மார்கள் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சீக்கிரமே நம்பரைக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பெண் ஆசையோடு கையை நீட்டினாள்.

"உங்களுக்கு அவசரமில்லையேண்ணே?"

"அவசரம்தாம்மா" என்று எழுந்தார் காளியப்பன். "எங்க வீட்டுக்காரி ரொம்ப நாளா உட்கார்ந்திருக்கா."