ஒரே போனிலிருந்து வந்த கருத்துகள்

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் ஆட்டோக்களைத் தடை செய்யலாமா என்று மைசூரு மக்களிடம் ஆன்லைனில் கருத்துக் கேட்டிருந்தார்கள். வந்தவற்றில் போலிகளைக் கழிப்பது என் வேலை. ‘தடை வேண்டாம்’ என்றவற்றில் பெரும்பாலானவை ஒரே போனிலிருந்து வந்திருந்தன. மென்பொருள் அவற்றைப் போலி என்று சிவப்பாக்கியிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்ற எரிச்சலோடு, பதிவாகியிருந்த முகவரிக்கு நேரிலேயே போனேன்.

அது ஒரு ரீசார்ஜ் கடை. லேப்டாப்பைத் திறந்து கடைக்காரப் பெண்ணிடம் காட்டினேன்.

“எல்லாம் நான் போட்டதுதான் சார்,” என்றார் சாதாரணமாக.

நான் சண்டைக்குத் தயாராவதற்குள், காலைத் தாங்கித் தாங்கி ஒரு பெரியவர் வந்தார்.

“ஆட்டோ உள்ள வரலேன்னா நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? என்னோடதையும் உன் போன்லயே போட்டுடும்மா.”

“ஸ்வல்ப இருங்க சார்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண் அவர் சொன்னதை அப்படியே தட்டி, வாசித்துக் காட்டி, அனுப்பினார்.

என் திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. விழுந்த வேகத்தில் சிவப்பானது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். “இது என்னோடதுதானே சார்? போய்ச் சேர்ந்துடுச்சா?”

ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று அந்த மென்பொருளுக்கு விதி எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது.