தாமல் பஸ்ஸும் என் வலது முழங்கையும்

கோல்ஃப் மட்டை மேலே ஏற ஒரு பாதை, கீழே இறங்கவும் கிட்டத்தட்ட அதே பாதை. பந்திலிருந்து தோள் வரைக்கும் ஒரு கதவைச் சாய்த்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மட்டை அந்தக் கதவை ஒட்டியே ஏறி, ஒட்டியே இறங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவு எட்டு மாதமாக என் கைக்கு வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். வீடு காஞ்சிபுரம். எங்கள் மேனேஜர் கொரியாக்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் பழகும் மைதானத்துக்குப் போவார். ஒருநாள் "நீயும் வா" என்று இங்கிலீஷில் சொன்னார்; எங்களுக்குள் பேச்சு அதில்தான். பெரியவர்கள் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத சுபாவம் எனக்கு. போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் பந்து நேராகப் போகாது. கொஞ்ச தூரம் யோக்கியமாகப் பறந்துவிட்டு, வலப்பக்கம் வளைந்து, வேலி ஓரத்துக் கருவேல முள்ளுக்குள் போய் விழும். காரணம் எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வயது வரை தறியில் உட்கார்ந்தவன் நான். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட்ட, கயிற்றை வெடுக்கென்று சுண்டிச் சுண்டி என் வலது கைக்கு வேறு வேலை தெரியாமல் போய்விட்டது. மட்டை உச்சிக்குப் போனதும் முழங்கை தானாக வெளியே கிளம்பி ஒரு சுண்டு சுண்டும். கதவு ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம்.

வீட்டில் தறித் தூணிலிருந்து தரைக்குச் சாய்வாக ஒரு பட்டு நூலைக் கட்டி, குடையை மட்டையாக்கிப் பழகிப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் நூல் அறுந்தது. தறியில் இருந்த அண்ணன், "இன்னாடா, நூல அறுக்கறதுக்குன்னே பழகிக்கினு இருக்கியா? அதுக்கு நம்ம வூட்டு எலியே போதும்டா" என்றார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரை. அன்று சாப்பாட்டு நேரத்தில், தாமலிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் பதினோரு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கம்பெனி பஸ் போகும் ஊர்களைக் குறைக்கப் போகிறார்கள், அதில் தாமலும் அடிபடப் போகிறது என்று அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அதற்குள் வந்து சேர அவர்களுக்கு வேறு பஸ் கிடையாது. பஸ் நின்றால் வேலையும் நின்றது.

அவர்களில் மூத்தவர், தையலில் என் லைனிலேயே கைதேர்ந்தவர், சொன்னார்: "ஞாயித்துக்கிழம அவரோட ஆடப் போவீங்கல்ல சார்? அங்க சிரிச்சிக்கினே இருப்பாராமே. ஒரு வார்த்த எங்களுக்காகக் கேளுங்க சார்."

"கேக்கறேன்மா" என்றேன். இனி பஸ் போகும் ஊர்களின் பட்டியலை மேனேஜர் ஞாயிறு சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியும். போன பிறகு மேனேஜரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஞாயிறு காலை மைதானத்தில் மேனேஜர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "இன்று உன் முழங்கையைச் சரி செய்யாமல் விடமாட்டேன்" என்றார். என் வலது அக்குளில் ஒரு துண்டைச் செருகி, அது விழாமல் அடிக்கச் சொன்னார். அடித்தேன். துண்டு விழுந்தது. குனிந்து அவரே எடுத்து மறுபடியும் செருகினார். "மெதுவா, மெதுவா" என்றார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் கை ஓடும்போது யாரும் பேசக்கூடாது. சேலையின் உடலையும் கரையையும் கோர்க்கும் இடத்தில் கவனம் பிசகினால் அது துணியிலேயே தெரியும். சேதி சொல்ல வருகிறவர்கூடக் கை ஓயும் வரை ஓரமாக நிற்பார். மாமா செத்த சேதியோடு வந்தவரும் அப்படித்தான் நின்றார். அப்பா நிமிர்ந்து "இன்னாபா?" என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். அதே ரத்தம்தானே எனக்கும். மேனேஜரின் கை ஓயட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அந்த மனிதரின் கை ஓயவே இல்லை. என் தோளைத் திருப்பினார், இடுப்பைத் திருப்பினார், மணிக்கட்டைப் பிடித்துக் கதவை ஒட்டி ஏற்றி இறக்கிக் காட்டினார். பெற்ற பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் அத்தனை பொறுமை. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு கட்டத்தில் அவரே நிறுத்தினார். "உன் தலை இங்கே இல்லை. என்ன யோசனை?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல வாசல் எனக்குத் திறக்கப் போவதில்லை. பதினோரு பேரின் முகமும் எனக்கு முன்னால் வந்து நின்றது. என் கையில் மட்டை இருந்தது, அக்குளில் துண்டு இருந்தது.

"வலது முழங்கை சார்" என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்த வீச்சில் துண்டு விழவில்லை. பந்து கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. எட்டு மாதத்தில் முதல் தடவை. அவர் கத்திவிட்டார், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "சார், தாமல் பஸ்..." என்று ஆரம்பித்தேன். "பேசாதே, பேசாதே! உடம்பு மறப்பதற்குள் இன்னொன்று!" என்று அடுத்த பந்தை வைத்தார். அதையும் நேராக அடித்தேன். அதற்கடுத்ததையும். பிறகு அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே என் முதுகில் தட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் வரை என் கையில் போன் இருந்தது. அவர் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். வெட்கக்கேடு.

திங்கட்கிழமை காலை மூத்த அம்மா என் மேஜைக்கு வந்தார். "கேட்டீங்களா சார்?"

"கேட்டேன்மா. பாக்கலாம்னு சொன்னாரு."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. அவர் போய் மற்றவர்களிடம் சொல்வதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் மேனேஜர் லைனுக்கு வந்தார். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து, இல்லாத மட்டையைச் சுழற்றிக் காட்டி, கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார். தாமல் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் திருப்பிக் கும்பிட்டார்.

மத்தியானம் பட்டியல் வந்தது. அறிவிப்புப் பலகையில் நான்தான் ஒட்டினேன். அதில் தாமல் இல்லை.

மூத்த அம்மா இரண்டு முறை படித்தார். அழவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பி, "நீங்க அவ்ளோ கேட்டும் அவரு மனசு எறங்கலையா சார்?" என்றார்.

"இல்லம்மா" என்றேன்.