பானுமதியின் ஆடும் ஒகேனக்கல் வாசகியும்

பாலக்கோட்டுக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் சுகுணா வேலை செய்கிறாள். போனில் ஆர்டர் எடுப்பதும் பில் போடுவதும் அவள் பொறுப்பு. கல்யாணமான பிறகு தபால் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவள். டீச்சர் வேலைக்கு எவ்வளவோ முயன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் பண்ணையில் நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றாலோ ஆயுத பூஜைக்கு அழைப்பு எழுத வேண்டுமென்றாலோ முதலாளி மாதவராஜ் அவளைத்தான் கூப்பிடுவார். "சுகுணா எழுதினா தப்பே இருக்காது" என்று அவர் சொன்னால் அன்று முழுக்க அவளுக்கு மனசு நிறைந்திருக்கும்.

சென்ற ஆண்டு அக்கம்பக்கத்தில் புதுப் பண்ணைகள் முளைத்ததில் வியாபாரம் படுத்துவிட்டது. மாதவராஜ் எல்லோரையும் கூப்பிட்டு, பண்ணைக்கு ஒரு பிளாக் ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார்.

"நான் எழுதுனா விளம்பரம்னு தள்ளிட்டுப் போயிருவாங்க. இங்க வேலை செய்யற நீங்களே ஆளுக்கொண்ணு எழுதுங்க. வாட்ஸ்அப்ல விவசாயிங்களுக்கு அனுப்பிரலாம்."

அவர் சொல்லி முடிக்கும்போது எல்லோருடைய பார்வையும் தன் பக்கம் திரும்பியதைச் சுகுணா கவனித்தாள்.

முதல் கட்டுரை அவளுடையதுதான். ‘நாற்றங்கால்: ஓர் அறிமுகம்’ என்று தலைப்பு. மூன்று நாள் உட்கார்ந்து, ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதினாள். அதன் கீழே ஒரே ஒரு கருத்து வந்தது. ‘அருமை’ என்றிருந்தது. எழுதியவர் அவள் கணவர் கோவிந்தன்.

அடுத்தது பானுமதியின் முறை. பானுமதி விற்பனைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவள். பாப்பாரப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். பண்ணையில் வாங்கிப்போன சாமந்தி நாற்றைத் தன் வீட்டு ஆடு ஒரே மத்தியானத்தில் மேய்ந்துவிட்டதையும், மாமியார் ஆட்டைத் திட்டாமல் தன்னைத் திட்டியதையும், மறுபடி நட்டு முள்வேலி போட்டுப் பூ எடுத்ததையும் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். வரிக்கு வரி பிழை. சுகுணா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டே நாளில் அந்த ஆடு மாவட்டம் முழுக்கச் சுற்றிவந்தது. போன் அடித்தபடியே இருந்தது. எடுப்பவள் சுகுணா.

"ஏம்மா, அந்த ஆடு தின்ன சாமந்தி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"நீங்கதான் அதை எழுதுன பொண்ணுங்களா?"

"இல்லீங்க. அவங்க வேற."

இந்தக் கடைசி வார்த்தையை ஒரு நாளில் எத்தனை முறை சொல்வது? வத்தல்மலையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் பானுமதியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாதவராஜ், "பானுமதி, அடுத்தது எப்போ?" என்று கேட்டார். சுகுணாவிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கோவிந்தன், "அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதுது" என்று சொல்லிச் சிரித்தபோது, தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள்.

மறுநாள் பஸ்ஸில் வரும்போது போனில் பானுமதியின் கட்டுரையைத் திறந்து, கருத்து எழுதும் இடத்துக்குப் போனாள். பெயர் கேட்ட இடத்தில் ‘ஒகேனக்கல் வாசகி’ என்று போட்டாள்.

‘ஆட்டுக் கதைகளைத் தவிர்த்து, விவசாயிகளுக்குப் பயன்படும் தொழில்நுட்பச் செய்திகளைத் தந்தால் நன்றாக இருக்கும். பொறுப்புள்ள நிறுவனத்துக்கு இது அழகல்ல.’

அனுப்பியதும் போனைப் பைக்குள் போட்டு மூடினாள். ஒரு நிம்மதி வந்தது.

மாதவராஜ் அதைப் படித்துக் கவலைப்பட்டார். "படிச்சவங்க யாரோ வருத்தப்பட்டிருக்காங்க. இனிமே உரம், பூச்சி மருந்து மட்டும் எழுதுவோம்" என்றார். பானுமதி தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

உரக் கட்டுரைகள் வந்தன. போன் ஓய்ந்தது. முதல் வாரம் சுகுணாவுக்கு அந்த அமைதி இனித்தது. ஆனால் போகப்போக, குழித்தட்டுகளில் தக்காளி நாற்று விற்காமல் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்வதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"நாத்து வேணாங்க. அந்தப் பொண்ணு ஏன் எழுதறதில்ல? உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் சுகுணா. சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அதே பெயரில் இன்னொரு கருத்துப் போட்டாள்: ‘ஆட்டைப் பற்றி மீண்டும் எழுதினால் மகிழ்ச்சியாக இருக்கும்.’

காலையில் பானுமதி டீ டம்ளரோடு அவள் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒகேனக்கல் வாசகிக்கு மனசு மாறிருச்சு போலிருக்குதுங்களே."

சுகுணா நிமிரவில்லை. "யாரு அது?"

"நம்ம தொட்டி மேல ‘தண்ணீர்த் தொட்டி’ன்னு ‘த்’ போட்டு எழுதுனவங்கதான். அந்தக் கருத்துலயும் ஒத்து ஒண்ணுகூட விடல. அப்படி எழுத நம்ம ஆபீஸ்ல வேற யாருங்க இருக்கா? அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?"

"சொல்லோணும்னுதான் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். வூட்டுக்குப் போயி அழுதேன், அது உங்களுக்குத் தெரியாது." பானுமதியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்னை நேரா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா தேவலைங்க."

சுகுணாவுக்குக் காது சுட்டது. "பொறுக்க முடியல, பானு" என்றாள். பிறகு அவளே எழுந்து மாதவராஜின் அறைக்குப் போய், அந்தக் கருத்தைப் போட்டது தான்தான் என்று சொன்னாள். அவர், "பிளாக்ல இனி பானுமதி இஷ்டப்படி எழுதட்டும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆயுத பூஜைக்கு அழைப்பு எழுதும் வேலையை அவர் பானுமதியிடம் கொடுத்தார்.

போன் மறுபடி அடிக்கிறது. சுகுணாவும் எழுதுகிறாள். நாற்றங்கால் அறிமுகம் இல்லை. போனில் அவளைத் திட்டியவர்களைப் பற்றி, மழை பெய்துவிட்டதென்று சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்து அவளைக் கூப்பிட்ட சித்தேரிக்காரரைப் பற்றி. பத்துப் பன்னிரண்டு பேர் கருத்துப் போடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். பானுமதிக்கு அதைப்போல மூன்று மடங்கு வருகிறது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சுகுணா முதலில் பார்ப்பது இன்னமும் பானுமதியின் கருத்துகளைத்தான். பார்த்ததும் வயிறு எரிகிறது. கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விட்டுவிட்டு, போனை எடுக்கிறாள்.