சீசனுக்கு ஒழியாத வீடு

வில்பட்டியில் கேரட் மூட்டை சுமந்தவன் கொடைக்கானலில் வீட்டுக்காரன் ஆனான் என்றால், அது அடைக்கலராஜ் ஒருத்தன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். தானே கல் உடைத்து, தானே சுவர் எழுப்பி, ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வீடு கட்டினான். ஒன்றில் அவனும் மனைவி சூசையம்மாளும். மற்றது வாடகைக்கு. இன்ஜினியர் கட்டின பங்களாவெல்லாம் ஒழுகும். இவன் சுவரில் ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம்!

எழுபத்தெட்டாம் வருசச் சித்திரையில், ஒருநாள் காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருசா வருசம் சீசனுக்கு வாடகை வீட்டில் தங்கும் மதுரை டாக்டர் குடும்பம் சாயங்கால பஸ்ஸில் வருகிறது. வீடு இல்லையென்றால் ஏரிப்பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடும், போனால் திரும்பாது. குடியிருக்கும் குருநாதனோ சாமானைக் கட்டவே இல்லை.

சீசன் வந்தால் குடியிருப்பவர் பின்னாலிருக்கும் விறகுக் கொட்டகைக்கு மாறிக்கொள்வார். பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டுக்குத் திரும்புவார். மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அடைக்கலராஜும் சொல்லவில்லை. ஆனால் குருநாதன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவன். கார்த்திகையில்தான் குடிவந்தான். இது அவனுக்கு முதல் சீசன்.

"ஏய்யா, ரெண்டு மாசம்தான். வெரசா சட்டிபானைய எடுங்க."

"கப்பல்ல வந்து எறங்கின கேம்புலயும் ரெண்டு கெழமை, பதினாலு நாளுன்னுதான் சொன்னாங்க ஐயா. ரெண்டு வருசம் கெடந்தோம்." குருநாதன் வாசலை விட்டு நகரவில்லை. பின்னால் அவன் மனைவி ராக்காயி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் யாருன்னு தெரியுமா? வாக்கு மாறாதவன்!"

"வாக்குக் குடுத்த ஆளுகள நெறையாப் பாத்தாச்சுங்க."

ஆளைக் கூப்பிட்டுச் சாமானை வெளியே வைக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. கேட்டுக்குப் போனான், கொட்டகைக்கு வந்தான். சட்டையை மாட்டினான், கழற்றினான்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல நில்லுங்க!" என்றாள் சூசையம்மாள்.

கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"கட்டிலப் பிடிடி. கொட்டகைக்குப் போகணும்."

"யாரு கட்டில?"

"நம்ம கட்டிலத்தான்!"

டாக்டர் குடும்பம் அடைக்கலராஜின் சொந்த வீட்டில் இறங்கியது. "போன வருசத்தை விட நல்லா இருக்கே!" என்றார் டாக்டரம்மா. இருக்காதா பின்னே? தனக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டினதாயிற்றே.

இருட்டுவதற்குள் மூடுபனி பலகை இடுக்கு வழியாகக் கொட்டகைக்குள் வந்தது. அவன் கட்டினதில் இதற்குள் மட்டும் அவன் உட்கார்ந்ததே இல்லை.

"போன சீசன்ல குடியிருந்த டீச்சரம்மா இங்க குளிருதுன்னப்ப, ஒடம்புக்கு நல்லதுன்னீங்களே?" என்றாள் சூசையம்மாள்.

"வாய மூடு. ஆணி எங்க கெடக்கு?"

அடிக்கிற சத்தம் கேட்டு வந்த குருநாதன், பலகையின் மறுமுனையைப் பிடித்தான்.

"நல்லாப் பிடிங்க. அடுத்த சித்திரைக்கு இதுல இருக்கப்போறது நீங்கதான். இப்பவே சொல்லிப்புட்டேன்."

குருநாதன் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் காத்து வருதுங்க ஐயா."

"அடைக்கலராஜ் அடிச்ச பலகையில காத்தா?" என்று வீட்டுக்காரன் இன்னொரு ஆணியை எடுத்தான்.