நண்பனுக்காக நான் பேசிய ஆங்கிலம்

எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில், மாணவர்கள் மனசுவிட்டுப் பேச ஓர் அறை திறந்தார்கள். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில். உள்ளே கவுன்சிலர், நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. எங்கள் தமிழ்ப் பையன்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். போனவன் கதை சாயங்காலத்துக்குள் நம் ஆட்கள் கூடும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விடும். அப்புறம் அவன் தங்கச்சிக்கு வரன் வராது.

என் வகுப்புத் தோழன் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவன். ஆங்கிலம் புரியும், பேச நா எழாது. இரண்டு பாடத்தில் தோற்றதிலிருந்து ஆள் சரியில்லை. விரிவுரையாளர் அந்த அறைக்கு அனுப்பினார்.

"கூட வாடா. நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல சொல்லு."

நான் வகுப்புக் கோமாளி. என் ஆங்கிலத்தில் இலக்கணத்தைவிடத் தைரியம் அதிகம். "மாமன் இருக்கேன்லா" என்று கிளம்பினேன்.

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "ராத்திரி படுத்தா, காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுதுடா. தினமும்."

மேசையில் கோப்பு திறந்திருந்தது. இதை எழுதிவிட்டால் கல்லூரியைவிட்டு அனுப்பிவிடுவார்கள், ஊர் பைத்தியம் என்னும்.

"பரீட்சை பயம், மேடம். தூக்கம் வருவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது போதாதென்று, "அதை வகுப்பில் தூங்கிச் சரிக்கட்டுகிறான்" என்று ஒரு ஜோக் வேறு. அவர் சிரித்துவிட்டு, படுக்குமுன் சூடாகப் பால் குடிக்கச் சொன்னார்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல. பிறகு அவரிடம், ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஆங்கிலத்தில் சொன்னான்: "மேடம், இவன் சொன்னது பொய். எனக்குச் செத்துப்போகணும்போல இருக்கு."

அவர் பேனாவை வைத்தார். கோப்பை மூடினார். என்னைக் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார்.

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். பூப்பந்து மட்டை எடுக்க வந்த எங்கள் பையன் ஒருவன், "என்னடா, உனக்குக் கழண்டுபோச்சா?" என்றான்.

"ஆமாலா, ரொம்ப நாளாவே" என்றேன். அன்று நான் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தோழன் வந்தபோது கண் சிவந்திருந்தது. "அடுத்த புதனும் வரணுமாம். வீட்டுலயும் அவங்களே பேசுறாங்களாம். சரின்னுட்டேன்."

"நானும் வரட்டுமா?"

"வா. ஆனா உள்ள வராத."

அந்த ஆண்டு முழுக்க, புதன்தோறும் நான் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.